பாட்டிலுக்குள் பிறந்த இனம்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஊக்கமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உங்களில் இருவர் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் என் வீடு தேடி வந்து கேட்டீர்கள். கையில் பழப்பை வேறு. ஊக்கம் என்னிடம் கிடையாது. பணியில் இருந்த காலத்திலும் அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒரு தப்பு எப்படிப் பிறக்கிறது, அதை யார் யார் சீராட்டி வளர்க்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதித் தருகிறேன். பிடிக்கவில்லை என்றால் பிரசுரிக்க வேண்டாம். பழத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், சாப்பிட்டாயிற்று.

நம் உயிரியல் துறையில் சேரும் எல்லோரும் முதல் வருடத்திலேயே ஒரு பாடத்தில் மயங்கிவிடுவார்கள். ஓர் உயிரினம் புது இடத்தில் குடியேறுகிறது. அங்கே போட்டியில்லை, இரை இருக்கிறது, ஒளிந்துகொள்ள விதவிதமான இடம் இருக்கிறது. அதன் வாரிசுகளில் சில மரத்தில் பிழைக்கின்றன, சில தரையில் பிழைக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவை ஒன்றோடொன்று கூடாமல் போய், கடைசியில் வேறு வேறு இனங்களாகிவிடுகின்றன. அழகான விஷயம்தான். நானும் மயங்கியவள்தான். ஆனால் இதற்கு எடுக்கும் காலம் நம் ஆயுளையும் நம் நிதியுதவியின் ஆயுளையும் பார்த்து நடப்பதில்லை. அந்த ஒன்றை மட்டும் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். பிறகு எங்கே எது புதிதாகத் தென்பட்டாலும் ஒரு புது இனம் முளைத்துவிட்டதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

எங்கள் துறையில் ஒருவர் இதே மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் ஒரு நத்தையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேறெங்கும் இல்லாத நத்தை, நகரத்திலேயே உருவான இனம் என்று ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். அது வெளியூரிலிருந்து வந்த பூக்கூடையில் ஒட்டிக்கொண்டு வந்த நத்தை. சொந்த ஊரில் அதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. பஸ் பிடித்து வந்து இறங்குவது வேறு, இனமாகப் பிரிவது வேறு என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு வராந்தாவில் என்னைக் கண்டால் அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

அது வெறும் கேலிக்கூத்து, யாருக்கும் நஷ்டமில்லை. இனி சொல்லப்போவது அப்படியல்ல. இதில் ஒரு பெண்ணின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் பெயரை யசோதரா என்று வைத்துக்கொள்வோம். பழைய கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பௌத்தர்கள். அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி, வேலை இருக்கிற மாதம் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. அந்த வீட்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள். எங்கள் துறையில் ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருந்தாள். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் கையெழுத்து எங்கள் துறைத் தலைவருடையது. அவருக்குப் பெயர் வேண்டாம். அவரைப் போன்றவரை நீங்கள் எங்கே போனாலும் சந்திப்பீர்கள், அப்போது தெரிந்துகொள்வீர்கள்.

நகரத்துக்கு வெளியே அத்திபெலேக்குப் பக்கத்தில் பாறைக்குன்று ஒன்று இருந்தது. அந்தப் பாறை இடுக்குகளில் ஒருவகைப் பல்லி. குன்றின் அடிவாரத்தில் தொழிற்சாலைகள் வந்தபோது அந்தப் பல்லிகளில் கொஞ்சம் இறங்கிவந்து தொழிற்சாலைச் சுவர்களில் குடியேறின. விளக்கு இருக்கிறது, விளக்கைத் தேடி வரும் பூச்சி இருக்கிறது, வேறென்ன வேண்டும். அப்படிக் குடியேறியவை பாறைப் பல்லியிலிருந்து மாற ஆரம்பித்திருக்கின்றனவா என்று பார்ப்பது யசோதராவின் வேலை. கேள்வியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கத்துப் பல்லிகளையும் பிடித்து, அளந்து, ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் குன்றுக்கு வழி அடைத்துவிட்டார்கள். ஒரு பில்டர் அதை வாங்கி, சுற்றிலும் வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டார். குன்றை வெடித்துத் தரைமட்டமாக்கி அலுவலக வளாகம் கட்டுவதாகத் திட்டம். அதே பில்டர்தான் எங்கள் ஆராய்ச்சிக்கு நிதியுதவியும் செய்தார். பல்லிக்குப் பணம் கொடுக்கிற பில்டர் என்றாலே மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். தலைவருக்கு வியர்க்கவில்லை. அவர் அறையில் ஏசி நன்றாக வேலை செய்தது.

கேட்டைத் திறக்கச் சொல்லி பில்டரிடம் கேட்கலாமே என்று யசோதரா சொன்னாள். தலைவருக்குக் கொடையாளரைத் தொந்தரவு செய்ய மனமில்லை. "எதுக்கும்மா அதெல்லாம்? அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க அந்தக் குன்னுல பிடிச்ச பல்லி மியூசியத்துல பாட்டில் பாட்டிலா இருக்கு. அதை அளந்துக்கோ. சுவத்துப் பல்லிய மட்டும் ஃபீல்டுல போய் அளந்துட்டு வா" என்றார்.

இதுதான் விதை. அப்போது யாருக்கும் தெரியவில்லை. நான் அந்த வேலையில் இல்லை. இரண்டு அறை தள்ளி என் தவளைகளோடு உட்கார்ந்திருந்தேன்.

யசோதரா கவனமாக வேலை செய்கிறவள். சுவர்ப் பல்லிகளை உயிரோடு பிடித்து, அளந்து, பிடித்த சுவரிலேயே விட்டுவிடுவாள். ஆல்கஹாலில் ஊறிக்கிடந்த பழைய பாறைப் பல்லிகளை மியூசியத்தில் உட்கார்ந்து அளந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் ஒட்டிக்கொள்ள உதவுகிறதே விரலடித் தட்டு, அது சுவர்ப் பல்லிக்கு அகலமாக இருந்தது. பாறைப் பல்லிக்குக் குறுகல். வழுக்குகிற சுவரில் வாழ வந்த பல்லிக்கு அகலமான தட்டு. கதை எவ்வளவு கச்சிதம் பாருங்கள். இத்தனை கச்சிதமாக ஒரு கதை கைக்கு வந்தால் உடனே கையைக் கழுவிக்கொண்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

தலைவர் கையைக் கழுவவில்லை, புது இனம் என்று அறிவிக்கப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். டி.என்.ஏ. பரிசோதனையில் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லையே என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது, "இப்பதானே பிரிய ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள டி.என்.ஏ.ல எப்படித் தெரியும்?" என்றார். வித்தியாசம் இருந்தாலும் அவருக்குச் சாட்சி, இல்லாவிட்டாலும் சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே பில்டரின் வேலிக்குப் பல்லி சாட்சி. ஏனென்றால் பில்டருக்கு இந்தப் புது இனத்தால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நகரம் இயற்கையை அழிக்கவில்லை, புது உயிரினங்களையே உண்டாக்குகிறது என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். குன்றை உடைப்பதே ஒரு புண்ணிய காரியம்போல் ஆகிவிடும். நிதியுதவிக்குப் பதிலாக அந்தப் பல்லிக்குப் பில்டருடைய அம்மா பெயரை வைப்பதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாளுக்குப் பல்லி என்றாலே அருவருப்பு என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அறிவிப்புக்கு முந்தின நாள் கட்டுரையை ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். எழுத்துப்பிழை பார்ப்பதற்கு. படித்துக்கொண்டே வந்து, அளந்த விதத்தைப் பற்றிய பத்தியில் நின்றுவிட்டேன். யசோதராவைக் கூப்பிட்டேன்.

"சுவத்துப் பல்லி எல்லாம் உயிரோட அளந்ததா?"

"ஆமா மேடம்."

"பாறைப் பல்லி எல்லாம் பாட்டில்லேர்ந்து எடுத்து அளந்ததா?"

"ஆமா மேடம், சார்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

நம் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆல்கஹாலில் ஊறும் உடம்பு நீரிழந்து சுருங்கும். எலும்பு அவ்வளவாகச் சுருங்காது. விரலடித் தட்டு வெறும் சதை, அது நன்றாகவே சுருங்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது கதையில்தான் என்று நினைக்காதீர்கள், மியூசிய அலமாரியில் தினமும் நடக்கிறது. தெரிந்த சங்கதியைத்தான் நாம் முதலில் மறப்போம். தெரியாததை யாராவது கேட்டாவது வைப்பார்கள்.

"இருங்க மேடம்" என்று ஓடினாள். வேலை தொடங்கிய காலத்தில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரும் வழியில் வெயில் தாளாமல் சில சுவர்ப் பல்லிகள் செத்துப்போயிருந்தன. அவற்றையும் அன்றே அளந்துவிட்டு, காலில் அடையாளச் சீட்டுக் கட்டிப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். இப்போது அவற்றை வெளியே எடுத்து என் மேஜையிலேயே வைத்து மறுபடி அளந்தாள். ஒவ்வொன்றின் விரலடித் தட்டும் குறுகிப்போய் பாறைப் பல்லியின் பக்கம் நகர்ந்திருந்தது. அதே பல்லி. பிடித்த அன்று அது புது இனம். ஊறிய பிறகு பழைய இனம்.

அளக்கிற காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னது, "பேஜாரா போச்சு மேடம். எங்கப்பா தெரு பூரா சொல்லி வெச்சிருக்காரு."

இருவரும் தலைவர் அறைக்குப் போனோம். அவர் மறுநாளைக்கான சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். யசோதரா நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், அழாமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சின்னக் கரெக்ஷன்தானே? பேப்பர் அச்சுக்குப் போறப்ப பாத்துக்கலாம். நாளைக்கு 'புது இனமா இருக்கலாம்'னு சொல்லிடுவோம். இருக்கலாம்னா பொய்யில்லையே?"

"இருக்கலாம்னு சொல்றதுக்குக் கூட இப்ப ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள்.

"யசோதரா, உன் ரின்யூவல் ஃபைல் இந்த டேபிள்லதான் இருக்கு. பெர்மனென்ட் போஸ்டுக்கும் உன் பேர்தான் சொல்லியிருக்கேன். கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

நான் நடுவில் புகுந்து, தப்பான அளவை வைத்துக்கொண்டு நாளைக்கு மேடையேறினால் நாளை மறுநாள் வேறொருவன் பாட்டிலோடு வந்து நிற்பான் என்றேன். "நீங்க தவளைய பாருங்க மேடம்" என்றார். ஒருவருக்குப் பதில் இல்லாதபோது நம் தவளையை ஞாபகப்படுத்துவார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் யசோதராவிடம் சொன்னேன். நாளைக்குக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிடுகிறேன், எனக்கு ஓய்வுக்காலம் நெருங்கிவிட்டது, இவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது, நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திரு என்றேன். புத்திசாலித்தனமான யோசனை என்றுதான் நினைத்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நீங்க சொன்னா, அந்த மேடமுக்குப் பொறாமைன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. நம்புவாங்க. அளந்தது நான் மேடம். நான் தப்புன்னு சொன்னா அவரு யார் மேல போட்டு மறைப்பாரு?"

எனக்குக் கோபம் வந்தது. என் யோசனையை மறுத்ததற்கு இல்லை, அவள் சொன்னது சரியாக இருந்ததற்கு. நெருக்கடியில் நல்லவர்கள் செய்கிற பெரிய தப்பு, உண்மையை யார் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைப்பது. ஒன்றில்லை. யார் வாயிலிருந்து வந்தால் அதைத் தட்டிவிட முடியாது என்று பார்க்க வேண்டும். அது அந்தப் பெண்ணுக்கு அரை நிமிடத்தில் புரிந்தது. எனக்குப் பணிக்காலம் முழுவதும் புரிந்ததில்லை.

மறுநாள் அரங்கத்தில் பூமாலை, குத்துவிளக்கு, மேடைக்குப் பின்னால் பல்லியின் பெரிய படம். பில்டர் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் குடியேற்றத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினார். எங்கெங்கிருந்தோ பெங்களூருவுக்கு வந்து மனிதர்கள் முன்னேறுவதுபோல் பல்லியும் முன்னேறியிருக்கிறதாம். பல்லி முன்னேறாது. தட்டு குறுகலான பல்லி சுவரிலிருந்து விழுந்து சாகும், அகலமானது பிழைத்துக் குட்டி போடும் என்று எழுதவந்தேன், முட்டையிடும் என்று திருத்திக்கொள்கிறேன், அவர் பேச்சை நினைத்தாலே எனக்குக் கை குழறுகிறது. மாற்றம் என்பது அத்தனை சாவுக்குப் பிறகு மிஞ்சுவது. மேடையில் அதைச் சொன்னால் கைதட்டல் வராது.

யசோதராவைப் படங்களை விளக்கச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் படம் எதையும் போடவில்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கற பல்லிய பிடிச்ச அன்னிக்கு அளந்தேன். அப்ப இது புது இனம். நேத்து திரும்ப அளந்தேன். இப்ப இது பழைய இனம். நடுவுல இது பாட்டில்ல ஊறிச்சு, வேற ஒண்ணும் பண்ணல. குன்னுப் பல்லி எல்லாத்தையும் நாங்க பாட்டில்லதான் அளந்தோம். அதனால நாங்க சொல்ல வந்தது தப்பு. அளந்தது நான்."

பத்திரிகைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு வரிசையாகச் சிரித்தார்கள். அவள் அசையாமல் நின்றாள். தலைவர் கையில் மைக்கை வைத்துக்கொண்டு அதை அணைக்கத் தெரியாதவர்போல் தடவிக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியவர் பில்டர். "ஹௌதா, அப்படியா? அப்போ குன்னுல இருக்கறதும் சுவத்துல இருக்கறதும் ஒரே பல்லிதானாம்மா?"

"தெரியாது சார். குன்னுல இருக்கறத உயிரோட அளந்தாத்தான் தெரியும். உங்க கேட் பூட்டியிருக்கு."

அத்தனை கேமராவும் அவர் பக்கம் திரும்பியது. பூட்டு என்ற சொல்லைக் கேட்டால் பத்திரிகைக்காரர்களுக்குப் பசி வந்துவிடும். வேறு வழியில்லாமல், மறுநாளே திறந்துவிடச் சொல்கிறேன் என்றார்.

திறந்தார்கள். யசோதரா போய் அளந்தாள். குன்றில் வாழும் பல்லிக்கும் சுவரில் வாழும் பல்லிக்கும் விரலடித் தட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. இனம் பிரியவில்லை. பிரியலாம், காலம் கொடுத்தால். அதற்குக் குன்றும் இருக்க வேண்டும், சுவரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை அழித்துவிட்டால் எதிலிருந்து எது பிரிவது? இதை அவள் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள். பில்டர் அதில் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரே பல்லிதான், சுவரில் நிறைய இருக்கிறது, ஆகவே குன்று போனால் நஷ்டமில்லை. புது இனம் என்றாலும் குன்று போகும், பழைய இனம் என்றாலும் குன்று போகும். போயும்விட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தலைவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், "பாவம், அளக்கத் தெரியாத பொண்ணு. நல்ல வேளை, கடைசி நிமிஷத்துல கண்டுபிடிச்சோம்." கண்டுபிடிச்சோமாம். அந்த 'ஓம்'-இல் அவர் எங்கே இருந்தார் என்று நான் துறைக் கூட்டத்திலேயே கேட்டேன். என் ஓய்வு விழாவுக்கு அவர் வரவில்லை. அது மிகச் சிறப்பாக நடந்தது.

யசோதரா பல மாதம் வேலையில்லாமல் இருந்தாள். டியூஷன் எடுத்தாள். விண்ணப்பித்த இடமெல்லாம் தலைவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் வேறொரு ஊர் மியூசியத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அது முடிந்த அன்று மாலை எனக்குப் போன் செய்தாள்.

"உள்ள போய் உக்காந்ததுமே ஒருத்தர் கேட்டாரு மேடம், அந்தப் பல்லிய தப்பா அளந்தது நீதானேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமா சார், நான்தான்னேன். என் தப்பு எதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். வெளிய வரிசைல உக்காந்திருக்காங்களே, அவங்க தப்பு எதெதுன்னு தெரியுமான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் பேப்பரத் திருப்ப ஆரம்பிச்சுட்டாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. சேர்ந்த முதல் நாளே, அந்த மியூசியத்தில் பாட்டிலை வைத்துப் புது இனம் என்று அறிவித்தவற்றையெல்லாம் திரும்பச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நேர்முகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டாரே, அவர்தான். இதுவரை அவரே அறிவித்த இனங்களில் இரண்டு நிற்கவில்லை. அவர் அந்த முடிவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தங்கள் இனம் விழுந்த மற்றவர்கள் போடவில்லை. அவர்களில் ஒருவரும் மதியம் அவளைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லையாம்.

"தனியாத்தான் சாப்பிடறேன் மேடம்" என்றாள் போன வாரம். "ஆனா அந்த சார் இன்னிக்கு டப்பாவ எடுத்துட்டு வந்து எதிர்ல உக்காந்துட்டாரு. பாதி சாப்பிட்டுட்டு, என் மூணாவதையும் எடுத்து அளந்துடும்மான்னாரு."